கீழே, சாய்வு, முன்னே: ஃபைட்டிங் கேமில் கை பழகும் முறை

போனில் கால்குலேட்டரைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். நம்பர் டயல் செய்யும் திரை உதவாது. அதில் 1, 2, 3 மேல் வரிசையில் இருக்கும். கால்குலேட்டரில் 7, 8, 9 மேலே, 1, 2, 3 கீழே. நமக்கு வேண்டியது இந்த அடுக்குதான். ஃபைட்டிங் கேமைக் கருத்தாக ஆடுகிறவர்கள் பலர் திசைகளை இந்த எண்களால்தான் குறித்துக்கொள்கிறார்கள். நடுவில் இருக்கும் 5 என்றால் விரல் எதையும் அழுத்தாத நிலை. 6 முன்னே, 4 பின்னே, 8 குதி, 2 குனி. 3 என்பது கீழும் முன்னும் சேர்ந்த சாய்வு, 1 கீழும் பின்னும் சேர்ந்த சாய்வு. உங்கள் ஆள் திரையின் இடப்பக்கம் நின்று வலப்பக்கம் பார்ப்பதாக வைத்துத்தான் இந்தக் கணக்கு. எதிராளி தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் போய்விட்டால் 6 இருந்த இடத்துக்கு 4 வந்துவிடும், 3 இருந்த இடத்துக்கு 1.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூர் காக்களூர் சிட்கோவிலோ ஷிப்ட் முடித்து, நாலு பேர் வாடகையைப் பங்கு போடும் ரூமுக்குத் திரும்புகிறவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: போனில் ஷேடோ ஃபைட் 2, செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிஎஸ்2, அல்லது ரூமில் ஒருவர் தவணையில் எடுத்த பிஎஸ்4. பிஎஸ்2 இருந்தால் 1998-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த டெக்கன் 3 சிடியும் அதில் ஓடும். பிஎஸ்4-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஓடும், டெக்கன் 8 ஓடாது. கடைக்காரர் வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம்.

புதிதாக வருகிறவர்கள் நேராக ஸ்பெஷல் மூவுக்குப் பாய்கிறார்கள். கையிலிருந்து நெருப்புப் பந்து பறந்தால்தான் ஆட்டம் என்று நினைப்பு. நான் சொல்லும் பாதை வேறு. முதல் வாரம் தடுக்கப் பழகுங்கள். இரண்டாம் வாரம் ஒரே ஒரு ஸ்பெஷல் மூவை மெதுவாகப் போட்டுப் பாருங்கள். வேகம் ஆட ஆடத் தானாக வரும். வரிசை தானாக வராது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூரிலோ எலக்ட்ரிக் டிரெயின் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான். அங்கே பழைய மெஷின் வாங்கும்போது, “அண்ணே, ரெண்டு கன்ட்ரோலரையும் போட்டுக் காட்டுங்க” என்று கேட்க வெட்கப்படாதீர்கள். பட்டன்களை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்துவிட வேண்டாம். ஆளைக் குனிய வைத்து, விரலை எடுக்காமல் 1-லிருந்து 2 வழியாக 3 வரை மெதுவாக உருட்டுங்கள். நடுவில் ஆள் எழுந்து நின்றால் அந்தச் சாய்வில் ரப்பர் தேய்ந்திருக்கிறது. சாய்வு வேலை செய்யாத கன்ட்ரோலரில் எத்தனை மாதம் பழகினாலும் ஸ்பெஷல் மூவ் வராது. தப்பு உங்கள் கையில் என்று நினைத்துக்கொண்டே இருப்பீர்கள்.

டிவி விஷயம். எல்இடி டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்கு ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் இங்கே ஒரு குத்து விழுந்துவிடும். செட்டிங்கில் கேம் மோட் இருந்தால் போட்டுவிடுங்கள். பிஎஸ்2 மட்டும்தான் ஆடப் போகிறீர்கள் என்றால் பழைய டியூப் டிவியே மேல். அதில் தாமதம் கிட்டத்தட்ட இல்லை. யாராவது காயலான் கடைக்குப் போட எடுத்து வைத்திருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரில் இரண்டு பேர் ஒரே கீபோர்டில் ஆடினால் இன்னொரு தொல்லை உண்டு. மலிவான கீபோர்டுகள் ஒரே சமயத்தில் சில கீகளை மட்டும்தான் உணரும். நீங்கள் சாய்வைப் பிடித்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் இரண்டு கீயை அழுத்தினால் உங்கள் குத்து காணாமல் போகும். சண்டை திரையை விட்டு வெளியே வர இது போதும். ஒரு சாதாரண யுஎஸ்பி கன்ட்ரோலர் வாங்கினால் தீர்ந்தது.

பட்டன்கள்

1991-இல் கேப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 பிரபலமாக்கிய ஏற்பாடு ஆறு பட்டன்: லேசான, நடுத்தரமான, பலமான குத்து மூன்று; அதேபோல் உதை மூன்று. லேசானது சீக்கிரம் போகும், குறைவாக வலிக்கும். பலமானது மெதுவாகப் போகும், தவறினால் நீங்கள் திறந்து நிற்பீர்கள்.

டெக்கனில் கணக்கு வேறு. நாலு பட்டன், நாலு அவயவம். சதுரம் இடது கை, முக்கோணம் வலது கை, இன்டு இடது கால், வட்டம் வலது கால். சதுரமும் இன்டும் சேர்த்து அழுத்தினால் எதிராளியைப் பிடித்து எறியும். முக்கோணமும் வட்டமும் சேர்ந்தால் இன்னொரு பிடி. டெக்கன் 3-லிருந்து மேலேயோ கீழேயோ லேசாகத் தட்டினால் ஆள் பக்கவாட்டில் நகர்வான். நேராக வரும் அடிக்கு இந்த நகர்வு நல்ல பதில்.

மோர்ட்டல் காம்பாட்டில் தடுப்பதற்கே தனிப் பட்டன் உண்டு. ஷேடோ ஃபைட் 2-இல் இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் குத்தும் உதையும். திசையோடு பட்டனைச் சேர்க்கச் சேர்க்க வேறு வேறு அடி வரும். போன் திரையில் விரலுக்கு விளிம்பு தட்டுப்படாது என்பதால் கட்டைவிரல் வட்டத்தைத் தாண்டி வழுக்கும். டிரெயினில் உட்கார இடம் கிடைத்த நாளில் ஆளை நடக்கவும் பின்வாங்கவும் மட்டும் வைத்து, விரல் எங்கே வழுக்குகிறது என்று பாருங்கள். அதற்கு மேல் போனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

யாரை எடுப்பது? ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ரியூ. நெருப்பு விடுவார், மேலே வருகிறவரை வெட்டுவார், எல்லாம் அளவாக இருக்கும். நம்மூர் ஆள் என்ற பாசத்தில் தல்சிமை எடுத்துவிடாதீர்கள். 1991-லேயே வந்த இந்திய யோகி அவர், கையும் காலும் திரையின் பாதிக்கு நீளும். ஆனால் அந்தக் கை திரும்பி வருவதற்குள் புதியவருக்கு நாலு அடி விழுந்திருக்கும். டெக்கனில் பால் ஃபீனிக்ஸ் நல்ல ஆரம்பம். எடி கோர்டோவை எடுத்து இன்டு, வட்டம் இரண்டையும் மாற்றி மாற்றி நசுக்கினால் முதல் ஞாயிறு ரூம் முழுவதையும் தோற்கடிக்கலாம். இரண்டாவது ஞாயிறு குனிந்து தடுக்கத் தெரிந்த ஒருவர் போதும், உங்கள் கதை முடிந்துவிடும்.

தடுப்பு

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் பின்னே அழுத்தினால் தடுப்பு. 4 என்றால் நின்று தடுப்பது, 1 என்றால் குனிந்து தடுப்பது. காலில் விழும் அடியைக் குனிந்துதான் தடுக்க முடியும். குதித்து வந்து தலையில் போடும் அடியை நின்றுதான். ஆகவே பெரும்பாலும் 1-இல் இருங்கள், எதிராளி கால் தரையை விட்டதும் 4-க்கு வாருங்கள்.

டெக்கனில் இதைத் தலைகீழாக வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே நடு உயரத்தில் வரும் அடிகள் குனிந்திருப்பவரைப் பிளந்துவிடும். பலமான காம்போக்கள், அதாவது தொடுத்து விழும் அடிகள், பலவும் அந்த உயரத்தில்தான் தொடங்கும். ஆகவே வழக்கமாக நின்று தடுத்து, கால் அடி வருகிறது என்று தெரிந்தால் மட்டும் குனிய வேண்டும். முகத்துக்கு நேராக வரும் உயரக் குத்தோ, நீங்கள் குனிந்திருந்தால் தலைக்கு மேலே காற்றில் போய்விடும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடிப் பழகியவர் டெக்கனுக்கு வந்து அடி வாங்குவதற்கு இந்தக் குனியும் பழக்கமே காரணம்.

பயிற்சி இதுதான்: ரூம்மேட்டை ஒரு முழு ரவுண்டு அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு பட்டனையும் தொடக்கூடாது. திசை மட்டும். சலிப்பாக இருக்கும், அவருக்கு ஜாலியாக இருக்கும். ஆனால் ரவுண்டு முடியும்போது உயிர்க்கோட்டில் கொஞ்சமாவது மீதம் இருக்க ஆரம்பித்த நாள், நீங்கள் அடுத்த பாடத்துக்குத் தயார்.

தடுப்பதை மட்டமாக நினைப்பவருக்கு ஒரு செய்தி. இந்த வகைக் கேம்களின் வரலாற்றில் அதிகம் பேசப்படும் காட்சியே ஒரு தடுப்புதான். 2004-இல் கலிபோர்னியாவில் நடந்த ஈவோ போட்டியில் ஜப்பானின் டைகோ உமெஹாரா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தர்ட் ஸ்ட்ரைக்கில் கென்னை வைத்து ஆடினார். உயிர்க்கோடு நூலளவு. தடுத்தாலே செத்துவிடும் நிலை, ஏனென்றால் ஸ்பெஷல் அடியைத் தடுத்தாலும் கொஞ்சம் உயிர் குறையும். எதிரே அமெரிக்காவின் ஜஸ்டின் வாங், சுன்-லியின் சூப்பர் மூவை அவிழ்த்துவிட்டார். வரிசையாக விழுந்த 15 உதைகளையும், ஒவ்வொன்றும் படுகிற அதே கணத்தில் திசையைத் தட்டித் தட்டித் தள்ளிவிட்டு, டைகோ திருப்பி அடித்து ஜெயித்தார். அந்த வருடம் கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை. அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஸ்பெஷல் மூவ்

இப்போது கால்குலேட்டர். 2, 3, 6 மூன்றையும் விரலால் தடவுங்கள். கீழே, சாய்வு, முன்னே. அதன் கடைசியில் ஒரு குத்து. ரியூவின் ஹடோகென் அவ்வளவுதான். தல்சிம் வாயால் ஊதும் யோகா ஃபயரும் இதே 236. டெக்கனில் பால் ஃபீனிக்ஸ் ஓங்கி விடும் பெரிய குத்துக்கும் இதே உருட்டல், கடைசியில் முக்கோணம்.

மெஷின் இதை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அது நொடிக்கு 60 முறை உங்கள் கையைப் பார்க்கிறது. கடைசியாக வந்த சில திசைகளை ஞாபகத்தில் வைத்திருக்கிறது. குத்துப் பட்டன் வந்ததும், “சற்று முன் 2, 3, 6 இந்த வரிசையில் வந்ததா, குறித்த நேரத்துக்குள் வந்ததா” என்று திரும்பிப் பார்க்கிறது. வந்திருந்தால் நெருப்பு. இல்லையென்றால் வெறும் குத்து. பவர் பிரஸ் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: இரண்டு கைப் பட்டனையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்தினால்தான் ராம் இறங்கும், ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் மெஷின் அசையாது. பட்டனை எவ்வளவு பலமாக அழுத்தினீர்கள் என்பதைப் பிரஸ்ஸும் பார்ப்பதில்லை, கேமும் பார்ப்பதில்லை.

ஆகவே முதலில் மிக மெதுவாக, 2-இல் ஆள் குனிவதைக் கண்ணால் பார்த்து, 3 வழியாக உருட்டி, 6-க்கு வந்ததும் குத்து. வரவில்லை என்றால் என்ன வந்தது என்று பாருங்கள். வந்த அடியே உங்கள் தவற்றைச் சொல்லிவிடும். குனிந்தபடி குத்து விழுந்தால் 6-க்குப் போவதற்கு முன்பே பட்டனை அழுத்திவிட்டீர்கள். நின்றபடி சாதாரணக் குத்து விழுந்தால் 3-ஐத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள், அல்லது பட்டன் பிந்திவிட்டது. ஆள் முன்னோக்கித் துள்ளினால் கட்டைவிரல் 6-இல் நிற்காமல் 9 வரை ஓடியிருக்கிறது. புதியவர்களில் பாதிப் பேருக்கு இந்த மூன்றில் முதலாவதுதான் நோய். ஆர்வத்தில் குத்து முந்திக்கொள்கிறது.

அடுத்தது 623. முன்னே, கீழே, சாய்வு, அதோடு குத்து. ரியூவின் ஷோர்யுகென், குதித்து வருகிறவரை மேலே தூக்கி அடிப்பது. தாளில் எழுதினால் ஒரு இசட் எழுத்துபோல் வரும். கடைசியில் 3-இலேயே நின்றுவிடுங்கள், குனிந்த நிலையிலேயே முடியுங்கள். எழுந்துவிட்டால் கெட்டுப்போகும்.

இங்கே ஒரு வினோதம் நடக்கும், எல்லோருக்கும் நடக்கும். எதிராளியை நோக்கி நடந்துகொண்டே ஹடோகென் போடுவீர்கள். நெருப்புக்குப் பதிலாக ஆள் வானத்துக்குக் குதித்து ஷோர்யுகென் போடுவான், காற்றில் ஒன்றுமில்லாமல் இறங்குவான், நீங்கள் அடி வாங்குவீர்கள். மெஷின் கெட்டுவிட்டது என்று திட்டாதீர்கள். நடந்து வந்தது 6. அதன்பின் உருட்டியது 2, 3, 6. சேர்த்துப் படித்தால் 6, 2, 3, 6. இதற்குள் 623-உம் இருக்கிறது, 236-உம் இருக்கிறது. இரண்டும் இருந்தால் பல கேம்கள் ஷோர்யுகெனுக்கே முதலிடம் தரும்படி செய்யப்பட்டிருக்கின்றன. வழி எளிது: நடப்பதை நிறுத்தி விரலை ஒரு கணம் 5-க்கு விடுங்கள், பிறகு உருட்டுங்கள். நிதானம் வந்தால் இந்தக் கோளாறு போய்விடும்.

இரு பக்கமும் பழகுவது கட்டாயம். இடப்பக்கம் நின்று பத்து முறை வந்தால் உடனே பக்கம் மாறி, 214 என்று உருட்டுங்கள். வலது கைக்காரர்களில் பலருக்கு ஒரு பக்கம் அழகாக வரும், மறுபக்கம் கை மறந்துவிடும். போட்டியில் எதிராளி அந்தப் பக்கத்துக்கே உங்களைத் தள்ளுவார்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் கைல் போன்றவர்களுக்குப் பின்திசையை முக்கால் நொடியிலிருந்து ஒரு நொடிவரை பிடித்திருந்து, சட்டென்று முன்னே தள்ளிக் குத்த வேண்டும். 1-ஐப் பிடித்திருந்தாலும் கணக்கில் சேரும் என்பதால் தடுத்துக்கொண்டே தயாராகலாம். பயந்த சுபாவக்காரருக்கு ஏற்ற ஆள். அதே கேமின் சாங்கிஃபுக்கு முழு வட்டம். வட்டம் போடும்போது 8 வழியாகப் போவதால் ஆள் குதித்துவிடும். அதனால் முதலில் குதியுங்கள், இறங்கும்போதே வட்டத்தைப் போட்டு, கால் தரையைத் தொடும் கணத்தில் குத்துங்கள். மோர்ட்டல் காம்பாட்டில் உருட்டலைவிடத் தட்டல்தான் அதிகம். 1992-இல் வந்த முதல் கேமில் ஸ்கார்பியனின் கயிற்று ஈட்டி வர, பின்னே, பின்னே என்று இரண்டு தட்டு, பிறகு லோ பஞ்ச் பட்டன்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மாடர்ன் என்று ஒரு கன்ட்ரோல் முறை உண்டு. ஒரே பட்டனில் ஸ்பெஷல் மூவ் வரும். பதிலுக்கு அப்படிப் போடும் அடியின் பலத்தில் 20 சதவீதம் குறையும். இதைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வாரத்தில் சில மணி நேரம் மட்டும் ஆடுகிறவர் அதைப் போட்டுக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை என்பேன். தடுப்பும் தூரக்கணக்கும் எந்த முறையிலும் நீங்களேதான் கற்க வேண்டும். கிரைண்டிங், ஃபெட்லிங் வேலை பார்த்துக் கை மரத்துப்போயிருக்கும் நாளில் உருட்டல் பயிற்சியே வேண்டாம். கட்டைவிரல் அடிப்பாகம் வலிக்க ஆரம்பித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

காம்போவில் ஒன்று மட்டும் இப்போதைக்கு. 2-ஐப் பிடித்துக்கொண்டு நடுத்தர உதை. அது பட்டதும் அதே 2-லிருந்து 3, 6 என்று உருட்டிக் குத்து. உதை முடிவதற்குள் ஹடோகென் அதை வெட்டிக்கொண்டு வரும். விரல் ஏற்கெனவே 2-இல் இருப்பதால் பாதி உருட்டல் மிச்சம். காம்போ என்பதே முதலில் தற்செயலாக வந்தது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 செய்தவர்களில் ஒருவரான நோரிடாகா ஃபுனாமிஸு, காரை உடைக்கும் போனஸ் ஸ்டேஜைச் சோதிக்கும்போது அடிகள் ஒன்றோடொன்று இணைவதைக் கவனித்தார். சரியாகத் தொடுப்பது கடினம் என்பதால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

எதைப் பார்த்துத் தடுக்கலாம்

ஒரு நொடியை 60-ஆகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்குப் பிரேம் என்று பெயர். டெக்கனில் வேகமான குத்து 10 பிரேமில் வந்து சேரும், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. கண் பார்த்து, கை அசைய மனிதனுக்குச் சுமார் கால் நொடி, 15 பிரேம் ஆகும். ஆக, அந்தக் குத்தைப் பார்த்துத் தடுக்க யாராலும் முடியாது. வருவதற்கு முன்பே தடுப்பில் இருக்க வேண்டும். மெதுவாக எழும் பெரிய அடிகளை மட்டும் பார்த்துத் தடுக்கலாம். அப்படித் தடுத்தால் அடித்தவர் சற்று நேரம் கையைத் திருப்பி எடுக்க முடியாமல் நிற்பார். பாலின் பெரிய குத்தைத் தடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். உங்கள் வேகமான அடியை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

ரூமில் ஆடுவது

லாகூர்க்காரர் அர்ஸ்லான் ஆஷ் 2019-இல் ஜப்பானில் நடந்த ஈவோவையும், அதே வருடம் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோவையும் டெக்கன் 7-இல் வென்றார். அதுவரை பாகிஸ்தான் ஆட்டக்காரர்களைப் பற்றி வெளியே அதிகம் பேர் கேள்விப்பட்டதில்லை. உள்ளூர் கேம் கடைகளில் ஒருவருக்கொருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடி ஆடித் தேறியவர்கள் அவர்கள். நெட் தயங்கித் தயங்கி வரும் இடத்தில் ஆன்லைனில் ஆடுவதைவிட, இரண்டு கன்ட்ரோலரோடு ஒரு ரூமில் நாலு பேர் ஆடுவது கைக்கு நல்லது. வயதைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு: 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்குத் தங்கம் வாங்கிய தென்கொரியர் கிம் குவான்-வூவுக்கு அப்போது 44 வயது. இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதியும் அயன் பிஸ்வாஸும் அந்த ஆட்டத்தில் இறங்கினார்கள்.

ரூமில் ஒரு விதி போதும்: தோற்றவர் எழுந்து கன்ட்ரோலரை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பக்கத்து ரூமில் ஒடிசா, பீகார்ப் பையன்கள் இருந்தால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். “பையா, ஏக் மேட்ச்” என்பதற்கு மேல் இந்தி தேவைப்படாது. புதிய கை புதிய பழக்கத்தோடு வரும். அதே மூன்று பேருடன் ஆடினால் அந்த மூன்று பேருக்கு மட்டும் பதில் சொல்லக் கற்பீர்கள்.

கட்டாயம் ஒரு சண்டை வரும். “டேய், அதையே போட்டுக்கிட்டு இருக்காதடா!” காலில் விழும் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒருவர் ஜெயிப்பார், மற்றவர்கள் அது தப்பாட்டம் என்பார்கள். தப்பில்லை. பதில் தெரியாதவரைதான் அது வேலை செய்யும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இலும் டெக்கன் 8-இலும் பிராக்டிஸ் மோடில் எதிராளியின் மூவைப் பதிவு செய்து, அதையே திரும்பத் திரும்ப உங்கள் மேல் ஓட விடலாம். டெக்கன் 3-இல் அந்த வசதி இல்லை. ஜெயித்தவரிடமே இரண்டாவது கன்ட்ரோலரைக் கொடுத்து, அதே கால் அடியை இருபது முறை போடச் சொல்லுங்கள். முதல் பத்து முறை குனிந்து தடுங்கள், அவ்வளவுதான். அடுத்த பத்தில் தடுத்தவுடன் எழும்போதே ஒரு குத்தை வைத்துப் பாருங்கள், எது அவருக்கு முன்னால் போய்ச் சேருகிறது என்று.